மாலத்தீவில் ஒரு சின்னத் தீவு லாட்ஜில் வேலை: போகலாமா?

"வயது 24, கேட்டரிங் படித்திருக்கிறேன். மாலத்தீவில் 22 அறைகள் உள்ள ஒரு லாட்ஜில் வேலை வந்திருக்கிறது. மாதம் 350 டாலர், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "அங்கே போனால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மாமா சொல்கிறார்." உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சம்பளக் கணக்கை நீங்களே போட்டுவிடுவீர்கள். சுற்றிலும் கடல், நடுவில் ஒரு துண்டு மணல், அதில் ஒருவர் ஒரு வருடம் நல்லபடியாக இருந்துவிட்டுத் திரும்ப முடியுமா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் மாலத்தீவில் 11 வருடம் வேலை பார்த்தேன். முதல் மூன்று வருடம் ஒரு கெஸ்ட்ஹவுஸ், அதன்பின் இரண்டு ரிசார்ட்கள். என் துறை இன்ஜினியரிங்: ஜெனரேட்டர், ஏ.சி., கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. பிளான்ட். விருந்தினர் கண்ணில் படாத பின்பக்கத்திலேயே என் காலம் போனது. கிச்சன், ரிசப்ஷன் வேலைகளின் நுணுக்கத்தை வெளியிலிருந்து பார்த்த அளவுக்குத்தான் சொல்ல முடியும். பெண்களுக்கு அங்கே வரும் சிக்கல்கள், உடன் வேலை பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டவை மட்டுமே. இந்த எல்லையை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அந்த லாட்ஜ் எந்த மாதிரித் தீவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மாலத்தீவில் ஏறக்குறைய 1,200 தீவுகள். அவற்றில் மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. 1972ல் அங்கே சுற்றுலா தொடங்கிய பிறகு வழக்கமான முறை, ஆள் குடியில்லாத ஒரு தீவை எடுத்து அதில் ஒரே ஒரு ரிசார்ட் கட்டுவது. ஊர்மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட்ஹவுஸ்கள் பெருகியது 2010ஐ ஒட்டித்தான். மாஃபுஷி மாதிரித் தீவுகள் அதற்குப் பிறகு வளர்ந்தவை. 22 அறைகள் என்றால் உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் கெஸ்ட்ஹவுஸ் வேலை.

இரண்டு வாழ்க்கைக்கும் வித்தியாசம் பெரிது. கெஸ்ட்ஹவுஸ் இருக்கும் தீவு ஓர் ஊர். பள்ளிக்கூடம், மசூதி, மளிகைக் கடை, சுகாதார நிலையம், சாயங்காலம் பந்து விளையாடும் பையன்கள் எல்லாம் இருக்கும். வேலை முடிந்து டீக்கடையில் போய் உட்காரலாம். மது கிடையாது, உடை விஷயத்தில் ஊர்க் கட்டுப்பாடு உண்டு, விருந்தினர் நீச்சல் உடையில் குளிக்கத் தனியாக ஒரு கடற்கரையை ஒதுக்கியிருப்பார்கள். மொத்த ஊழியர்களே எட்டுப் பத்துப் பேர் என்பதால் காலையில் டிபன் பரிமாறுவதும், மதியம் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், பெட்டி தூக்குவதும், ராத்திரி ரிசப்ஷனில் உட்காருவதும் நீங்களாகவே இருக்கலாம். ரிசார்ட்டில் உங்கள் துறை, உங்கள் ஷிஃப்ட், உங்கள் மேலாளர் என்று வரம்பு தெளிவாக இருக்கும். ஆனால் அங்கே ஊர் என்று ஒன்று இல்லை. செடிகளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான ஊழியர்களுக்கு ஒரு குடியிருப்பு, ஒரு கேன்டீன், ஒரு சின்னக் கடை, அவ்வளவுதான். வேலையில் மேலே போக ரிசார்ட் நல்லது, முதல் தடவை வீட்டை விட்டு வருபவரின் மனசுக்குக் கெஸ்ட்ஹவுஸ் நல்லது என்பது என் கருத்து. மறுத்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயம், படகு. அந்த நாட்டின் திவேஹி மொழியில் படகை "தோணி" என்றுதான் சொல்வார்கள், நம் சொல்லேதான். முதல் நாள் ஜெட்டியில் அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு இருந்த பயம் பாதி குறைந்தது. அந்தத் தோணியை நம்பித்தான் அங்கே எல்லாம் நடக்கிறது. காய்கறி, காஸ், டீசல், மருந்து, நான் ஆர்டர் போட்ட பம்ப்பின் பேரிங், ஊருக்குப் போகும் ஆள் எல்லாமே படகில் வர வேண்டும், படகில் போக வேண்டும். ஏறக்குறைய டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர், நவம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. காற்று ஏறிய நாட்களில் படகு நின்றுவிடும். அரசுப் படகுச் சேவை பல வழித்தடங்களில் வெள்ளிக்கிழமை ஓடாது. கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: தலைநகர் மாலேயின் நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்னால். பல ரிசார்ட்கள் விருந்தினருக்கு மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று தீவின் கடிகாரத்தை மாலே நேரத்தைவிட ஒரு மணி முன்னால் வைத்திருக்கும். லீவில் போகும் நாளில் படகு எந்த நேரப்படி, விமானம் எந்த நேரப்படி என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். இதில் குழம்பி விமானத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று தம்பியிடமிருந்து போன் வந்தது ஒரு ஜூலை மாதம், இரவு ஏழரை மணிக்கு. மாலேயில் விமானம் ஏறினால் திருவனந்தபுரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். ஆனால் நான் மாலேக்குப் போயாக வேண்டுமே. கடல் விமானம் காலையில்தான். ஸ்பீட்போட் ஓட்டும் கேப்டன் ஜெட்டி நுனி வரை நடந்துபோய் அலையைப் பார்த்துவிட்டு வந்து, "இப்போது எடுக்க மாட்டேன், விடிந்ததும் போகலாம்" என்றார். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் வந்தது. அவர் சொன்னதுதான் சரி என்று இன்று தெரிகிறது. அந்த அலையில் போயிருந்தால் எங்கள் எல்லோர் உயிருக்கும் ஆபத்து. ராத்திரி முழுக்க ஜெட்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் நான் வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத நிலையில் நீங்கள் கிளம்புவதாக இருந்தால், இந்த ஒரு ராத்திரியை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தூரம் குறைவுதான், ஆனால் அந்தத் தூரம் எப்போதும் திறந்திருக்காது.

சரி, காகிதங்களுக்கு வருவோம். இதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. சுற்றுலா விசா வந்து இறங்கியதும் கிடைத்துவிடும், அதில் வேலை பார்ப்பது சட்டவிரோதம். "முதலில் டூரிஸ்ட்டாக வா, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். பணி அனுமதி ஒப்புதல் உங்கள் பெயரில் வந்த பிறகே விமானம் ஏறுங்கள். இந்தியாவின் குடிபெயர்வுச் சட்டத்தில் பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் போன்ற சிலருக்கு முன் அனுமதி கட்டாயமான 18 நாடுகள் இருக்கின்றன. மாலத்தீவு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் வளைகுடாவுக்குப் போகிற அப்படிப்பட்டவர்களின் ஒப்பந்தத்தை அரசு ஒரு தடவை பார்ப்பது போல உங்கள் ஒப்பந்தத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். ஏஜென்ட் மூலம் போவதாக இருந்தால் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

மாலத்தீவின் வேலைவாய்ப்புச் சட்டம் 2008ல் வந்தது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் கட்டாயம். தகுதிகாண் காலம் அதிகபட்சம் மூன்று மாதம். வாரத்துக்கு 48 மணி நேர வேலை. அதற்கு மேல் பார்த்தால் சாதாரண நாளில் ஒன்றேகால் மடங்கு, வெள்ளிக்கிழமையிலும் அரசு விடுமுறையிலும் ஒன்றரை மடங்கு ஊதியம். ஒரு வருடம் முடிந்தால் சம்பளத்தோடு 30 நாள் விடுப்பு. இதெல்லாம் வெளிநாட்டு ஊழியருக்கும் சேர்த்துத்தான். நடைமுறையில் சின்ன கெஸ்ட்ஹவுஸ்களில் ஓவர்டைமை யாரும் எழுதி வைப்பதில்லை என்பது நான் கண்டது. அதனால் நீங்களே ஒரு நோட்டில் தினமும் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் எழுதுங்கள். புகார் சொல்லத் தொழிலாளர் உறவு ஆணையமும் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயமும் இருக்கின்றன. தூரத்துத் தீவிலிருந்து வேலையை விட்டுவிட்டு அங்கே போய் நிற்பது சுலபமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மறுபடியும் படகுதான்.

பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைக்கிறோம்" என்று கேட்பார்கள். விசா வேலைக்காகக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று கேட்டு, வந்ததும் உங்கள் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். என்னோடு இருந்த ஒரு பையனுடைய பணி அனுமதிக் கட்டணத்தை அவனது முதலாளி மாதக்கணக்கில் கட்டாமலே விட்டிருந்தார். அவனுக்கு அது தெரியவந்தது ஊருக்குக் கிளம்பும்போது, விமான நிலையத்தில். கட்டுவது முதலாளியின் கடமை, ஆனால் அலைந்தது அவன்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை உங்கள் அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக்கொண்டால், அதுவே உங்களுக்கு ஓர் அடையாளம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 350 டாலர் என்றால் டாலராகவே கொடுப்பார்களா, அந்த நாட்டுப் பணமான ருஃபியாவிலா என்று எழுதி வாங்குங்கள். அதிகாரப்பூர்வ விலை பல வருடங்களாக ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்ற கணக்கில்தான் நிற்கிறது, அதாவது உங்கள் சம்பளம் சுமார் 5,400 ருஃபியா. ஆனால் அந்த விலைக்கு டாலர் வாங்குவது கடினம், வங்கி வழியாக ஊருக்கு அனுப்புவதற்கும் வரம்புகள் உண்டு, அந்த வரம்புகள் அடிக்கடி மாறும். ருஃபியாவில் வாங்கும் 350 டாலர், டாலராக வாங்கும் 350 டாலருக்குச் சமம் கிடையாது. அடுத்தது சர்வீஸ் சார்ஜ். பில்லில் 10 சதவீதம் வசூலித்து ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ரிசார்ட்களில் இது சில மாதங்களில் சம்பளத்துக்குச் சமமாகவே வரும், சில மாதங்களில் பெயருக்குத்தான் வரும். ஜனவரியில் வந்த தொகையைப் பார்த்து ஊரில் கடன் தவணை போட்டவர்கள் ஜூலையில் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துத் திட்டம் போடுங்கள், மீதியைச் சேமிப்பு என்று எண்ணிக்கொள்ளுங்கள். செலவழிக்க அங்கே வழி குறைவு என்பதால், சிகரெட்டும் தேவையில்லாத போன் மாற்றமும் இல்லாதவர்கள் நன்றாகவே சேர்ப்பார்கள்.

இப்போது தண்ணீர். இது என் துறை என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். கேட்டரிங் ஆளுக்கு இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். உங்கள் அன்றாடம் எப்படி இருக்கும் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். அந்தத் தீவுகளில் ஆறு கிடையாது, ஏரியும் மிக அரிது. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்துகொண்டிருக்கும். அதிலிருந்து அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் கடல் மேலே ஏறிவிடும். 2004 டிசம்பர் சுனாமியில் அங்கே 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதோடு பல தீவுகளின் நிலத்தடி நீரும் உப்பாகிப் போனது. இன்று குடிநீர் பெரும்பாலும் ஆர்.ஓ. பிளான்ட்டிலிருந்தோ சேமித்த மழைநீரிலிருந்தோ வருகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதைச் சுமார் 60 பார் அழுத்தத்தில் மெம்பிரேன் என்ற மிக நுண்ணிய வடிகட்டி வழியாகத் தள்ளினால், நூறு லிட்டர் உள்ளே போய் முப்பத்தைந்து நாற்பது லிட்டர் நல்ல தண்ணீராக வெளியே வரும். மிச்சம் இன்னும் அடர்த்தியான உப்புநீராகக் கடலுக்கே திரும்பும். அந்தப் பம்ப் ஓட மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், டீசல் வரப் படகு. ஒரு குழாயைத் திறக்கும்போது இந்தச் சங்கிலி முழுவதும் அசைகிறது. அங்கே ஒரு வருடம் இருந்தவர் ஊரில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்க மாட்டார்.

ஊழியருக்கு இதனால் என்ன? பழைய இடங்கள் சிலவற்றில் ஊழியர் குளியலறைக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் வரும். கொஞ்சம் உப்பாக, சில நாள் அழுகிய முட்டை வாடையோடு. சோப்பு நுரைக்காது. முடி கொட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். தண்ணீர்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, தூக்கமின்மையும் கவலையும்கூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் பிளான்ட் பழுதாகும் நாளில் முதலில் விருந்தினர் அறைக்கு, பிறகுதான் ஊழியர் அறைக்கு என்பது உறுதி. அந்த வால்வைத் திருப்பியவன் நான். ஓர் இடம் நல்ல இடமா என்று அறிய எனக்குத் தெரிந்த எளிய வழி, ஊழியர் குளியலறையில் என்ன தண்ணீர் வருகிறது, ஓர் அறையில் எத்தனை பேர், ஏ.சி. இருக்கிறதா என்று கேட்பது. இந்த மூன்றையும் தயங்காமல் சொல்கிற முதலாளி, மற்ற விஷயங்களிலும் பெரும்பாலும் நேர்மையாக இருந்தார்.

தீவு மூழ்கிவிடுமா என்று வீட்டில் கேட்பார்கள். அங்கே இயற்கையான நிலத்தின் உச்சியே சுமார் இரண்டரை மீட்டர்தான். கடல் மட்டம் உயர்வது உண்மை, அந்த நாட்டுக்கு அது பெரிய கவலை. உங்கள் ஒப்பந்த காலத்தில் நீங்கள் பார்க்கப்போவது வேறு: பெரிய அலைகள் சில நாள் கரை தாண்டி ஊருக்குள் வரும், கரையின் மணல் பருவத்துக்குப் பருவம் தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இடம் மாறும். ஜனவரியில் அகலமாக இருந்த மணல்வெளி ஜூலையில் காணாமல் போய், எதிர்ப்பக்கம் புதிதாக வளர்ந்திருக்கும். அதைப் பார்ப்பது எனக்குக் கடைசி வருடம் வரை அலுக்கவில்லை. புயல் பயம் நம் கிழக்குக் கரையைவிட அங்கே குறைவு, நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால்.

இனி மாமாவின் வரி. அவர் சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள். மன உளைச்சல் தாங்காமல் ஒப்பந்தம் முடியும் முன்பே கிளம்பிப் போனவர்களோடு நான் ஓர் அறையில் இருந்திருக்கிறேன். நான் கவனித்தது இது, இது ஆராய்ச்சி முடிவு கிடையாது: முதல் மாதம் போட்டோ எடுத்தே போய்விடும். மூன்றாவது, நான்காவது மாதத்தில் ஒரு பள்ளம் வரும். கடலின் நிறம் கண்ணில் படாமல் போகும். தீவைச் சுற்றி நடந்தால் இருபது நிமிடத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம். காலையில் கிச்சனில் சண்டை போட்டவர்தான் ராத்திரி அடுக்குக் கட்டிலின் மேல் தட்டில் படுத்திருப்பார். ஊரில் என்றால் வேலை இடத்துச் சண்டையை வீட்டு வாசலில் விட்டுவிடலாம், தீவில் அந்த வாசலே இல்லை. இதில் கஷ்டப்படுவது பலவீனம் என்று நினைக்காதீர்கள், ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிறது.

அந்தப் பள்ளத்தைத் தாண்டியவர்களிடம் நான் பார்த்தது, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரியம் அவர்களிடம் இருந்தது. ஒரு ஹவுஸ்கீப்பிங் அண்ணன் தினமும் சாயங்காலம் திவேஹி எழுத்துப் பழகினார். அதன் தானா எழுத்துமுறை வலமிருந்து இடமாகப் போகும். இன்னொருவர் டைவ் சென்டர் பையன்களிடம் சிநேகமாகி, நீச்சலே தெரியாமல் வந்தவர், கடைசியில் டைவிங் சான்றிதழோடு போனார், பிறகு அதுவே அவர் தொழிலானது. எனக்கு மீன்பிடிப்பு. வீட்டுக்குத் தினமும் ஒரு தடவை, ஒரே நேரத்தில் பேசுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை வீடியோ கால் பேசுபவர் அங்கேயும் இருக்க மாட்டார், இங்கேயும் இருக்க மாட்டார். வார லீவு நாளில் அறையில் படுத்துக் கிடக்காதீர்கள். பக்கத்துத் தீவுக்காவது போய் வாருங்கள். ஏற்கெனவே தூக்கமின்மைக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து சாப்பிடுபவராக இருந்தால், கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் பேசுங்கள். தீவில் இருப்பது ஒரு சாதாரண கிளினிக் அல்லது சுகாதார நிலையம்தான். மனநல மருத்துவருக்குப் பெரும்பாலும் மாலே போக வேண்டும். மருந்து எடுத்துப்போனால் சீட்டோடு எடுத்துப் போங்கள். சில தூக்க மாத்திரைகளும் வலி மாத்திரைகளும் அங்கே கட்டுப்பாடு உள்ளவை, முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

நீச்சல் தெரியாவிட்டால் கிளம்பும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள், இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன். கரைக்கும் பவளத்திட்டுக்கும் நடுவே உள்ள லகூன் இடுப்பளவுதான், கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் பவளத்திட்டு முடியும் விளிம்பிலும் இரண்டு திட்டுகளுக்கு நடுவே உள்ள கால்வாய்களிலும் நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையே இழுத்துக்கொண்டு போகும். தனியாக இறங்காதீர்கள், இருட்டிய பிறகு இறங்காதீர்கள், வெறுங்காலோடு பவளத்தின் மேல் நடக்காதீர்கள். பவளக் கீறல் சின்னதாகத் தெரியும், கழுவாமல் விட்டால் வாரக்கணக்கில் ஆறாது. மலேரியா அங்கே இல்லை, 2015ல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்துவிட்டது. டெங்கு உண்டு. காய்ச்சல் வந்தால் நீங்களாகவே புரூஃபென் மாதிரி வலி மாத்திரை போடாமல் முதலில் கிளினிக்குக்குப் போங்கள்.

அது முழுக்க முஸ்லிம் நாடு. வேறு மதத்தவர் தங்கள் வழிபாட்டை அறைக்குள், தனிப்பட்ட முறையில் வைத்துக்கொள்ள வேண்டும். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோக சுங்கத்துறை அனுமதிக்காது. மதுவும் பன்றி இறைச்சியும் அப்படியே. அம்மா பெட்டியில் சாமி விக்கிரகம் எதையாவது வைத்துவிட்டாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரமலான் மாதத்தில் பகலில் வெளியே சாப்பிடாதீர்கள், தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். ஊர்க்காரர்களிடம் மரியாதையாக நடந்தால் அவர்களும் அப்படியே நடப்பார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கருதியா என்ற மீன்சாறும் சோறும் வைத்த குடும்பத்தோடு இன்றும் போனில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, தம்பி, ஒரு வருடம் நல்லபடியாக இருந்துவிட்டு வர முடியும் என்றே நினைக்கிறேன், வீட்டில் யாரும் படுக்கையில் இல்லை என்றால், காகிதம் சுத்தமாக இருந்தால். இன்றைக்கே அந்த லாட்ஜுக்கு ஒரு மெயில் எழுதுங்கள். தீவின் பெயர், அது சேர்ந்த அட்டோலின் (தீவுக்கூட்டத்தின்) பெயர், மாலேக்கு வாரத்தில் எந்தெந்த நாள் படகு, அவசரத்துக்கு ஸ்பீட்போட் எடுத்தால் செலவு யாருடையது, சம்பளம் எந்தப் பணத்தில், ஊழியர் அறையின் ஒரு போட்டோ, இப்போது அங்கே வேலை பார்க்கும் ஒருவரின் நம்பர் என்று கேளுங்கள். நம்பர் தர மறுத்தால் இந்த வேலையை விட்டுவிடுங்கள், வேறு வரும். தந்தால், முதலாளி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அவரோடு பேசுங்கள். சாப்பாடு எப்படி, சம்பளம் தேதிக்கு வருகிறதா என்று கேட்டுவிட்டு, கடைசியாக எப்போது தீவை விட்டு வெளியே போய் வந்தீர்கள் என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதினால் படித்துவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.